பியர்டட் டிராகனுக்கு வெப்பமும் வெளிச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியர்டட் டிராகன் என்னும் ஆஸ்திரேலிய ஓணான் வகைப் பிராணியோடு ஒரு கண்ணாடித் தொட்டியையும் ஒரு சிவப்பு பல்பையும் சேர்த்துக் கொடுத்து, "இது போதும் சார்" என்று அனுப்பிவிடும் கடைகள் உண்டு. போதாது. எலும்பு வளைந்தும் தீக்காயத்தோடும் மருத்துவரிடம் வரும் பல பிராணிகளின் கதை அந்தச் சிவப்பு பல்பில்தான் தொடங்குகிறது.

கீழே உள்ள அளவுகள் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பெட்டியில் தனியாக வளரும் பெரிய பிராணிக்கானவை. குட்டிக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். டிகிரி எல்லாம் செல்சியஸ். அமெரிக்க வீடியோக்களில் 105 என்று சொல்வது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் அது 40 சொச்சம்.

நம் ஊர் ஓணான் பல்பு இல்லாமல் வாழ்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை ஏற்பாடு?

ஓணானுக்குச் சூரியன் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம்தான். காலையில் மதில்மேல் வந்து உட்காரும் ஓணானைக் கவனியுங்கள். முதலில் உடம்பைத் தட்டையாக்கி வெயில் பக்கம் திருப்பும். சூடேறியதும் தலையை ஆட்டும், பூச்சி பிடிக்கும். உச்சி வெயிலில் மரத்தின் நிழல் பக்கத்துக்குப் போய்விடும். வெயிலுக்கும் நிழலுக்கும் நடந்து நடந்தேதான் அது தன் உடம்பின் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது.

போகோனா விட்டிசெப்ஸ் எனப்படும் பியர்டட் டிராகன் கிழக்கு, நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தது. அங்கே வேலிக் கம்பத்திலும் மரக்கட்டையிலும் ஏறி வெயில் காயும். உடம்பு 35 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் அதற்குத் தின்றது செரிக்கும், நோயை எதிர்க்கும் தெம்பும் இருக்கும். வீட்டுக்குள் வைத்தால் அந்த வெயிலையும் நிழலையும் நாம்தான் ஒரு பெட்டிக்குள் உண்டாக்கித் தர வேண்டும். வெயில் என்பது ஒரு பொருள் அல்ல. வெப்பம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் என மூன்று சேர்ந்தது. மூன்றுக்கும் தனித்தனி விளக்கு வைப்பதுதான் எளிது. "ஆல் இன் ஒன்" என்று விற்கும் மெர்குரி வேப்பர் பல்பில் வெப்பமும் யூவிபியும் வரும். ஆனால் அதை டிம் செய்ய முடியாது, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் இணைக்க முடியாது, அணைத்தால் ஆறும்வரை மறுபடி எரியாது. நம் வெயில் காலத்தில் அது தலைவலி.

எந்த இடத்தில் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42. குட்டிகளுக்கு 42-ஐ ஒட்டி இருக்கலாம், வயதானவற்றுக்கு 38 போதும். கல் இருக்கும் பக்கத்தில் காற்று 30 முதல் 32. எதிர்க் கோடியில் 22 முதல் 26. இரவில் 18 முதல் 24.

இவற்றில் பலர் மறப்பது எதிர்க் கோடி. "பாலைவனப் பிராணிதானே, சூடு தாங்கும்" என்று பெட்டி முழுவதையும் 36 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதற்கு ஓடிப்போக நிழல் கிடையாது. பாலைவனத்தில் அது உச்சி வெயிலில் நிழலிலும் வளையிலும்தான் இருக்கும்.

வாங்க வேண்டியவை என்னென்ன?

ஃபிளட் வகை ஹாலோஜன் பல்பு, அதற்குப் பீங்கான் ஹோல்டர், கம்பிக் கூடு. டிம்மிங் தெர்மோஸ்டாட். ரிஃப்ளெக்டரோடு கூடிய டி5 என்னும் ஒல்லி வகை யூவிபி டியூப். வெள்ளை எல்இடி பட்டை. ஒயரோடு கூடிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் கன் ஒன்று, டைமர் சாக்கெட் இரண்டு. கையில் பணம் குறைவு என்றால் எல்இடியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். யூவிபியையும் தெர்மோஸ்டாட்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்தியாவில் வாங்குவோருக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நம் வீட்டு ஹோல்டர்கள் பெரும்பாலும் பின் வகை. ஊர்வன பல்புகள் ஈ27 திருகு வகை. பிளாஸ்டிக் அடாப்டர் போட்டு ஒப்பேற்றினால் சில வாரங்களில் அது உருகிக் கருகும். பீங்கான் திருகு ஹோல்டரே வாங்குங்கள். இரண்டு, அமெரிக்கா, கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பல்பு 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் போட்ட நொடியில் போய்விடும். யூவிபி ஃபிட்டிங்கின் மேலும் 220–240 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

வெப்பத்துக்கு எந்த பல்பு, எத்தனை வாட்?

வெள்ளை ஹாலோஜன். அதிலும் ஃபிளட் என்று போட்டிருப்பது. ஸ்பாட் வகை ஒளியைக் குவித்து ஐந்து ரூபாய் நாணயம் அளவு இடத்தைச் சுடும். பிராணியின் முதுகில் ஓரிடம் வெந்து, வால் குளிர்ந்தே கிடக்கும். பெரிய பிராணி மூக்கு முதல் வால் நுனி வரை ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். குறைந்தது அதன் தலை முதல் வால் அடி வரை ஒரே சீராகச் சூடேற வேண்டும். PAR38 (பார்38) என்னும் அகன்ற முகமுள்ள ஃபிளட் பல்பு கிடைத்தால் ஒன்று போதும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 50 வாட் சின்ன ஹாலோஜன் குறுகிய ஒளிக்கற்றை கொண்டது. அதுதான் கிடைக்கிறது என்றால் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டைப் பொருத்துங்கள்.

வாட் என்ன என்பதற்கு ஒரே பதில் இல்லை. 2 அடி உயரப் பெட்டிக்கு 75 வாட்டில் தொடங்கலாம். குளிரூட்டிய அறையிலோ டொராண்டோ குளிர்காலத்திலோ 100 தேவைப்படும். மதுரையில் மே மாதம் 50-ஏ அதிகம். வோல்ட்டேஜும் விளையாடும். 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் 75 வாட் பல்பு ஏறக்குறைய 60 வாட் அளவுக்கு இறங்கிவிடும். பெட்டியின் மேல் அச்சடித்த வாட்டை விட்டுவிட்டு, கல்லின் மேல் கன் காட்டும் டிகிரியைப் பாருங்கள்.

பல்பு பெட்டிக்கு உள்ளே இருந்தால் கம்பிக் கூடு கட்டாயம். இவை தாவி ஏறும். பல்பின் முகத்துக்கும் முதுகுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும்.

வெயில் காயும் இடத்துக்கு என்ன கல்?

கடப்பா கல் துண்டு. சமையலறை அலமாரிக்கு அறுத்ததில் மிஞ்சியது ஒன்றரை அடிக்கு ஒரு அடி இருந்தால் அருமை. கறுப்பாக இருப்பதால் சீக்கிரம் சூடேறும், விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும், நகமும் தேயும்.

கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். பிராணி அடியில் தோண்டிப் போய்க் கல் சரிந்தால் நசுங்கும். பெட்டியின் தரையில் செங்கல்லை வைத்து, அதன்மேல் கல்லை ஆடாமல் அமர்த்திவிட்டு, பிறகு மண்ணை நிரப்புங்கள்.

தெர்மோஸ்டாட் கட்டாயமா? கையால் அணைத்துப் போட்டால் ஆகாதா?

ஆகாது. காலை ஏழு மணிக்கு 40 காட்டிய கல், அறை சூடாகும் மதியம் இரண்டு மணிக்கு 48 காட்டும். அப்போது நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள்.

ஹாலோஜனுக்கு டிம்மிங் வகை வேண்டும். அது ஒளியைக் கூட்டிக் குறைத்து வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆன்/ஆஃப் வகையை ஹாலோஜனுக்குப் போட்டால் நாள் முழுக்க அணைந்து அணைந்து எரியும். பல்பும் போகும், பிராணியும் மிரளும். மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பல்ஸ் வகை, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டருக்கானது. மின்விசிறி ரெகுலேட்டரை வைத்து ஒப்பேற்றப் பார்க்க வேண்டாம், அது இந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. யூவிபி டியூப்பையும் எல்இடியையும் தெர்மோஸ்டாட்டிலோ டிம்மரிலோ இணைக்கக் கூடாது. அவை நேராக டைமருக்குப் போக வேண்டும்.

சென்சார் ஒயரைக் கல்லின் ஓரத்தில், ஒளிவட்டத்தின் விளிம்பில், கிளிப் அடித்து அசையாமல் பொருத்துங்கள். தெர்மோஸ்டாட்டில் 36 என்று வைத்தால் கன் கல்லின் நடுவில் 41 காட்டலாம். இரண்டும் வேறு இடத்தை அளக்கின்றன, குழம்ப வேண்டாம். கன் 40–42 காட்டும்வரை தெர்மோஸ்டாட் எண்ணைக் கூட்டிக் குறைத்து, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். மிகவும் ஆபத்தானது சென்சார் கழன்று குளிர்ந்த பக்கம் விழுவது. "இன்னும் சூடேறவில்லை" என்று நினைத்துக்கொண்டு தெர்மோஸ்டாட் பல்பை முழு வேகத்தில் எரிக்கும். தினமும் காலையில் ஒயரை ஒரு முறை பாருங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டரால் அளக்கலாமா?

கூடாது. அது மனித உடல் சூட்டுக்கு மட்டும் சரிசெய்யப்பட்டது. 43-ஐத் தாண்டினால் பெரும்பாலானவை "ஹை" என்று மட்டும் காட்டும், நெற்றிச் சூட்டை உடல் சூடாக மாற்றிக் கணக்குப் போட்டும் காட்டும். எலெக்ட்ரிகல் கடையில் ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் இன்ஃப்ராரெட் கன் வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே நின்று அளந்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். கதவைத் திறந்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து அளக்கவும். தூரம் கூடக் கூட அது அளக்கும் வட்டமும் பெரிதாகும். சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும்தான். கன் மேற்பரப்பை அளக்கும், காற்றை அளக்காது. காற்றுக்கு ஒயர் தெர்மாமீட்டர் இரண்டையும் இரு கோடிகளிலும், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பொருத்துங்கள். ஒட்டும் வட்ட முள் மீட்டர் பல டிகிரி தவறாகக் காட்டும், அதைக் குப்பையில் போடலாம்.

தீனியில் கால்சியம் பொடி தூவுகிறோமே, யூவிபி எதற்கு?

கால்சியம் வயிற்றுக்குள் போனாலும் இரத்தத்தில் சேர வைட்டமின் டி3 வேண்டும். தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள்மேல் யூவிபி படும்போது டி3-இன் முன்வடிவம் உண்டாகிறது. உடம்பின் சூட்டில் அது டி3 ஆக மாறுகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. நடுவில் வரும் அந்தச் சூட்டைக் கவனியுங்கள். யூவிபி டியூப்பை ஒரு கோடியிலும் வெப்ப பல்பை இன்னொரு கோடியிலும் வைப்பவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

டி3 இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். கீழ்த்தாடை ரப்பர் போல மிருதுவாகும், விரல்கள் துடிக்கும், கால் வீங்கும், முதுகு வளையும். வேகமாக வளரும் குட்டிகளில் இது சில வாரங்களிலேயே தெரியும். வளைந்த எலும்பு திரும்ப நிமிராது. துடிப்பைக் கண்டால் பல்பை மாற்றிவிட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எந்த யூவிபி டியூப், எவ்வளவு உயரத்தில்?

டி5 ஹெச்ஓ (ஹை அவுட்புட்) வகை நீள டியூப். ஆர்கேடியா கம்பெனி என்றால் 12%, ஸூ மெட் கம்பெனி என்றால் 10.0 என்று போட்டிருப்பது. நாலடிப் பெட்டிக்கு 39 வாட், ஏறக்குறைய 85 செ.மீ. நீளமுள்ளது சரியாக இருக்கும். இல்லையென்றால் 55 செ.மீ. உள்ள 24 வாட். பெட்டியின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை டியூப் இருக்கட்டும், வெப்ப பல்பின் பக்கமே தொடங்கட்டும். மிச்ச இடம் நிழல். பிராணி சூட்டைத் தேடித்தான் கல்லுக்கு வரும். அங்கேயே யூவிபியும் விழுந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும், நிழலுக்குப் போனால் இரண்டும் சேர்ந்து குறையும்.

சுருள் வடிவ யூவிபி பல்பு நாலடிப் பெட்டிக்கு ஆகாது. அதன் கதிர் ஒரு சின்ன வட்டத்துக்குள் முடிந்துவிடும்.

ஊர்வனவற்றை வெயிலில் இருக்கும் பழக்கத்தை வைத்து நான்காகப் பிரிக்கும் ஃபெர்கூசன் மண்டலக் கணக்கில் இது 3-ஆம் மண்டலம். அந்த மண்டலத்தில் யூவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண், உச்சமாக 2.9 முதல் 7.4 வரை. நடைமுறையில் கல்லின்மேல் படுத்திருக்கும் பிராணியின் முதுகில் 4 முதல் 5 இருந்தால் நல்லது, எதிர்க் கோடியில் பூஜ்யம். குட்டிக்கு 3 போதும். தோல் நிறமி குறைந்த ஹைப்போ, டிரான்ஸ்லூசன்ட் வகைகளுக்கும் செதில் இல்லாத சில்க்பேக்குக்கும் இன்னும் குறைக்க வேண்டும்.

மெஷ் (கம்பிவலை) இல்லாமல் பெட்டிக்குள் பொருத்தினால் டியூப்பிலிருந்து முதுகுக்கு 30 முதல் 38 செ.மீ. மெஷ் மூடியின் மேல் வைத்தால் 20 முதல் 28. இவை தொடக்க அளவுகள். உங்கள் ஃபிட்டிங்கோடு வரும் அட்டவணை வேறு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தச்சரிடம் செய்த பெட்டிகளின் மூடியில் பெரும்பாலும் கொசுவலைக் கம்பிதான் இருக்கும். அந்த நெருக்கமான பின்னல் யூவிபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடத் தின்றுவிடும். அங்கே டியூப்பை உள்ளே பொருத்துவதே மேல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டியின் உள் உயரம் 60 செ.மீ. ஃபிட்டிங் 5 செ.மீ. கீழே இறங்கும், ஆக டியூப் 55-இல். முதுகுக்கு 35 செ.மீ. வேண்டும் என்றால் முதுகு 20-இல் இருக்க வேண்டும். படுத்திருக்கும் பிராணியின் முதுகு கல்லிலிருந்து 5 செ.மீ. உயரம். ஆகவே கல்லின் மேற்பரப்பு தரையிலிருந்து 15 செ.மீ. ஹாலோஜன் ஹோல்டரோடு சேர்ந்து 15 செ.மீ. தொங்கினால் அதன் முகம் 45-இல். முதுகுக்கு 25 செ.மீ. இரண்டும் ஒத்துப்போகிறது. விளக்கை மாட்டிவிட்டுக் கல்லைத் தேடாமல், இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு ஆணி அடியுங்கள்.

யூவி இண்டெக்ஸை நேரடியாக அளக்க சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி உண்டு. விலை அதிகம். வளர்ப்போர் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். செல்போன் செயலிகளால் யூவிபியை அளக்க முடியாது.

விளக்கு எப்போதும் தலைக்கு மேலேயே இருக்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. மேலிருந்து வரும் ஒளியைப் புருவ மேடு தடுத்துக் கண்ணுக்கு நிழல் தரும். பக்கத்திலிருந்து வந்தால் கண் வெந்து வீங்கும்.

சில நூறு ரூபாய்க்கு "யூவிஏ + யூவிபி" ஹீட் பல்பு கிடைக்கிறதே?

அது சாதாரண ஹாலோஜன். வெப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பெட்டியில் எழுதியிருக்கும் யூவிபியை மறந்துவிடுங்கள். அந்த இழைச் சூட்டிலிருந்து பயன்படும் அளவுக்கு யூவிபி வராது. "யூவி எல்இடி" என்று நீல ஊதாவில் ஒளிரும் பல பல்புகளும் அப்படியே. 395 நானோமீட்டரில் டி3 உருவாகாது. யூவிபி என்பது 280 முதல் 315 வரை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தில் இருக்கும் யூவி டியூப் பார்க்க யூவிபி டியூப் போலவே ஒல்லியாக இருக்கும். அது கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் யூவிசி. பிராணியின் கண்ணையும் தோலையும் எரித்துவிடும், உங்களுடையதையும்தான். எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

ஜன்னலோரம் வைத்தால் வெயில் படுகிறது. போதாதா?

ஜன்னல் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். கண்ணாடித் தொட்டி நேர் வெயிலில் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

நேரடி வெயில் வேறு கதை, எந்த டியூப்பும் அதற்கு ஈடில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது இலவசம். மொட்டை மாடியில் கம்பிக் கூண்டில், பாதியை ஈரத் துணியோ பலகையோ போட்டு மூடி, காலை ஏழரை முதல் ஒன்பது மணிக்குள் 20 முதல் 30 நிமிடம் விடலாம். தரைச் சிமென்ட் சூடேறிவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காகமும் பூனையும் காத்திருக்கும், கூடவே நில்லுங்கள். கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போவது வேண்டாம். வெயில் பட்டதும் சுறுசுறுப்பாகி ஒரே தாவில் போய்விடும். வேலியில் போகிற ஓணானைத் துரத்துவது எப்படி என்று தெரிந்துகொள்ள நல்ல நாள் அதுவல்ல.

வாரத்தில் மூன்று நாள் இப்படி வெயில் கிடைத்தாலும் டியூப் இருக்கட்டும். அடைமழைக் காலத்தில் வாரக்கணக்கில் வெயிலே வராது.

எல்இடி பட்டை எதற்கு? டியூப்பும் பல்பும் எரிகிறதே?

இரண்டும் எரிந்தாலும் உள்ளே நம் வரவேற்பறை அளவு வெளிச்சம்தான் இருக்கும். திறந்த வெளிப் பிராணிக்கு அது விடிந்தும் விடியாத நேரம். 6000 முதல் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி 20 வாட், பெட்டியின் நீளத்துக்கு ஒட்டினால் அசைவும் பசியும் கூடும். வார்ம் ஒயிட் வேண்டாம்.

இரவில் சிவப்பு விளக்கு போடலாமா?

வேண்டாம். "சிவப்பு அதற்குத் தெரியாது" என்பது கடைக்காரர் சொல்லும் கதை. நம்மைவிட அதிக நிறம் பார்க்கும் கண் அதற்கு. தலை உச்சியில் ஒளியை உணரும் மூன்றாவது கண் ஒன்றும் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் சின்னப் புள்ளியாகத் தெரியும். இரவில் எந்த வெளிச்சமும் தூக்கத்தைக் கெடுக்கும். நீல "நிலா" பல்பும் அப்படியே.

அறை 18 டிகிரிக்குக் கீழே போகாதவரை இரவில் எந்தச் சூடும் தேவையில்லை. சென்னையில் ஆண்டு முழுக்கத் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில், அல்லது ஹீட்டரைக் குறைத்துவிட்டுத் தூங்கும் வெளிநாட்டு வீடுகளில், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் 60 அல்லது 100 வாட், பல்ஸ் தெர்மோஸ்டாட்டோடு 20-இல் வைக்கலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

கோடையில் 13 முதல் 14, குளிர்காலத்தில் 10 முதல் 11. யூவிபியும் எல்இடியும் முதலில் எரியட்டும், அரை மணி கழித்து ஹாலோஜன். மாலையில் ஹாலோஜன் முதலில் அணையட்டும். கடைசித் தீனி விளக்கு அணைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். சூடில்லாத வயிற்றில் தின்றது செரிக்காது, கெட்டுப்போகும்.

மே மாதத்தில் குளிர்ந்த பக்கமே 34 காட்டுகிறது. என்ன செய்வது?

தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் கேள்வி, வெளிநாட்டுப் பக்கங்களில் பதில் கிடைக்காத கேள்வி. முதலில் பெட்டியை மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள், சுவர் ஓரம், தரையை ஒட்டி. தெர்மோஸ்டாட் நாள் முழுக்க ஹாலோஜனை மங்கலாகவே எரிக்கிறது என்றால் வாட் அதிகம், 50-க்கோ 35-க்கோ மாற்றுங்கள். நேரத்தை முன்னே தள்ளிக் காலை ஆறு மணிக்கே தொடங்கி, பகல் 12 முதல் 4 வரை ஹாலோஜனை மட்டும் நிறுத்துங்கள். யூவிபியும் எல்இடியும் எரியட்டும். சூடான கோடியின் மேல் பகுதியில் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, காற்றை வெளியே இழுக்கும்படி பொருத்தலாம். உள்ளே ஊதும்படி வேண்டாம். ஏசி இருந்தால் 26–27-இல் வைத்தால் போதும், காற்று நேராகப் பெட்டிமேல் அடிக்காமல் பாருங்கள்.

குளிர்ந்த பக்கம் 30 வரை போனால் கவலை இல்லை. உள்ளே எங்கும் 38-க்குக் குறைவான இடமே இல்லை என்றால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பிராணியை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

கடலோர ஊர்களில் ஈரப்பதம் இன்னொரு தொல்லை. 30–40 சதவீதம் நல்லது. 60-ஐத் தாண்டி, கூடவே குளிர்ச்சியும் சேர்ந்தால் நெஞ்சில் சளி கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், காற்றோட்டத்தை அடைக்காதீர்கள். ஹாலோஜன் எரியும் நேரத்தில் கல்லைச் சுற்றி ஈரப்பதம் தானே குறையும்.

கரண்ட் போனால்?

நம் ஊரில் நாலைந்து மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. அறையே 28–30 இருக்கும். தீனி மட்டும் கொடுக்காதீர்கள். குளிர் நாடுகளில் பெட்டியைப் போர்வையால் சுற்றி, துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலை உள்ளே வைக்கலாம். ஒருநாள் 20 டிகிரியில் இருந்தாலும் பெரிய பிராணி தாங்கும். கரண்ட் திரும்பியதும் டைமரைப் பாருங்கள். பல்சக்கர டைமர் நின்ற இடத்திலிருந்து ஓடும், இரவு பதினொன்றுக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஹாலோஜன் 75, யூவிபி 24, எல்இடி 20. மொத்தம் 119 வாட். 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் வரை. தெர்மோஸ்டாட் இருந்தால் இதைவிடக் குறையும்.

அடியிலிருந்து சூடேற்றும் ஹீட் ராக், ஹீட் மேட் வைக்கலாமா?

வேண்டாம். சூடு மேலிருந்து வரும் என்றுதான் அதன் உடம்புக்குத் தெரியும். அடியில் ஓரிடம் மட்டும் கொதித்தாலும் அப்படியே படுத்திருக்கும். வயிறு வெந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

விளக்கு சரியாக இருக்கிறதா என்று பிராணியைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவு. கல்லின்மேல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால் போதுமான சூடு ஏறிவிட்டது, மிச்சத்தை வெளியேற்றுகிறது என்று பொருள். சற்று நேரத்தில் இறங்கிப்போனால் எல்லாம் சரி. கல்லுக்கு வந்ததும் வாயைத் திறந்து உடனே ஓடினால், நாள் முழுக்க எதிர்க் கோடியிலேயே கிடந்தால், சூடு அதிகம். காலை முழுக்கக் கல்லைவிட்டு இறங்காமல், உடம்பைத் தட்டையாக்கிக் கறுத்துக் கிடந்தால் சூடு பற்றவில்லை. கறுத்தால் வெப்பத்தை அதிகம் வாங்கலாம் என்பது அதன் கணக்கு. தின்ற புழு செரிக்காமல் எச்சத்தில் முழுசாக வந்தாலும் சூடு குறைவு. ஒரு கண்ணை மட்டும் மூடியே இருந்தால், அந்தப் பக்கம் எந்த விளக்கு இருக்கிறது என்று பாருங்கள். நிழலில் வாயைத் திறந்து, மூச்சில் சத்தம் வந்தால் அது விளக்குப் பிரச்சினை அல்ல, மருத்துவர் வேலை.

இரண்டு பிராணிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். மேலே இருப்பது வெயிலைப் பிடித்துக்கொண்டது, கீழே இருப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தனிப் பெட்டி, தனி விளக்கு.

எல்லாம் வந்து சேர்ந்தது. எந்த வரிசையில் பொருத்துவது?

பிராணி வருவதற்கு இரண்டு நாள் முன்பே. முதலில் செங்கல், கல். பிறகு யூவிபி, ஹாலோஜன், கூடு; கடைசியில் சென்சார், தெர்மாமீட்டர்கள். ஒயர்கள் வெளியே வரும் துளையைச் சுற்றி மரம் கருகாமல் பீங்கான் வளையம் வையுங்கள். ஒயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி ஏறட்டும், தண்ணீர் வழிந்தாலும் பிளக்குக்குப் போகாது. காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் கல், இரு கோடிக் காற்று ஆகியவற்றின் டிகிரியை ஒரு தாளில் எழுதுங்கள். மதிய எண் சரியாக வந்தால் மற்றவை வந்துவிடும். பிராணி வந்த பின்னும் ஒரு வாரம் எழுதுங்கள்.

யூவிபி டியூப்பை எப்போது மாற்றுவது? இன்னும் நன்றாகத்தான் எரிகிறது.

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறையாமலே யூவிபி தேய்ந்துகொண்டு வரும். டி5 என்றால் 12 மாதம், பழைய தடித்த டி8 என்றால் 6 மாதம். மாதம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள், ரிஃப்ளெக்டரையும் சேர்த்து. புது டியூப் முதல் 100 மணி நேரத்தில் சற்று வீரியமாக இருக்கும், பிராணி கண்ணை மூடிக்கொண்டால் கல்லை ஒரு செங்கல் கனத்துக்கு இறக்கி, இரண்டு வாரம் கழித்து ஏற்றுங்கள். மாட்டும் அன்றே டியூப்பின் வெள்ளை முனையில் மார்க்கரால் தேதி எழுதிவிடுங்கள். பில் தொலைந்துபோகும், தேதி டியூப்போடு இருக்கும்.